சாக்கடையோரத்து இரட்டிப்பு

காட்டுச்செடிகள் எப்படிப் புது இனமாகின்றன என்று ஆராயும் நிலையம் அது. வளாகத்துக்குள் ஒரு காட்டுச்செடிகூடத் தலைகாட்டக் கூடாது என்பது இயக்குநரின் உத்தரவு.

அவர் வருடக்கணக்காக நாற்றுகளை மருந்தில் முக்கி எடுக்கிறார். மருந்து செல்லைப் பிரியவிடாமல் தடுக்கும், உள்ளே குரோமோசோம்கள் இரட்டிக்கும். காட்டில் இது எந்த மருந்தும் இல்லாமல் எப்போதாவது தானே நடந்து, புது இனமே பிறந்துவிடும். இவர் கைபட்ட செடிகளோ இலை தடித்து, நோஞ்சானாக நின்று, விதை வைக்காமலே போய்ச்சேரும்.

எதையும் உற்று உற்றுப் பார்ப்பதால் அங்கிருந்த ஓர் ஆராய்ச்சி மாணவிக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். சாக்கடையோரச் சுவர் வெடிப்பில் ஒரு செடி மட்டும் பெரிதாகப் பூத்திருந்ததை அவள்தான் கண்டாள். வேர்நுனியைக் கிள்ளிப் பார்த்தால், பதினாறு குரோமோசோம் இருக்கவேண்டிய இடத்தில் முப்பத்திரண்டு! சந்தோஷத்தில் அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. கிளை ஒடித்து நட்டால் பிழைக்காத சாதி அது. காய் முற்றி விதை முளைத்தால் போதும், புது இனம் என்று நிரூபித்துவிடலாம். இழுத்துக்கொண்டே கிடக்கும் பட்டமும் கைக்கு வந்துவிடும்.

இயக்குநர் நம்பவில்லை. பிரிகிற நேரத்துச் செல்லில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், அதைப் பார்த்துத் தப்பாக எண்ணியிருப்பாள் என்றார். செடியைப் பெயர்த்து வைக்க ஒரு தொட்டி கேட்டதற்கு, எல்லாம் தன் நாற்றுகளுக்கே போதவில்லை என்று கையை விரித்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற மனிதரிடம் என்ன பேசுவது? காய் முற்றும்வரை யாரும் தொடவேண்டாம் என்று அட்டை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தாள்.

ஆய்வுக்குழு வருகிறது என்றதும் வளாகம் அல்லோலகல்லோலப்பட்டது. மறுநாள் காலை அவள் வந்தபோது வெடிப்பு இருந்த இடத்தில் ஈரச் சிமெண்ட். பிடுங்கிய களையெல்லாம் மூலையில் எரிந்து சாம்பலாகியிருந்தது. இயக்குநரைத் தேடி, குழு கூடியிருந்த அறைக்கு ஓடினாள். மேசை நடுவே கண்ணாடிக் கிண்ணத்தில், கிள்ளிப்போட்ட பெரிய பூக்கள் அழகாக மிதந்துகொண்டிருந்தன.

குழுவிலிருந்த அம்மாள் அது என்ன பூ என்று கேட்டார். ஏதோ களை என்றார் இயக்குநர்.

அவளால் பொறுக்க முடியவில்லை. “நீங்க பாக்க வந்ததே இதுதான் மேடம். தானா இரட்டிச்ச செடி. ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது. காய் முத்துறதுக்குள்ள பிடுங்கிட்டாங்க.”

இயக்குநரின் முகம் ஒரு கணம் வெளிறியது. ஒரே ஒரு கணம்தான். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாத்தீங்களா? தானா இரட்டிச்சது ஒரு பருவம்கூடத் தாங்கல. அதனாலதான் இதுக்கு எங்கள மாதிரி ஆளுங்க வேணும்னு சொல்றேன்.”

குழுவினர் தலையாட்டினார்கள். அந்த அம்மாள் அதைக் குறித்தும் கொண்டார்.