இருபத்துமூன்று திங்கட்கிழமை

கனடாவின் சிற்றூரான டன்ஸ்லியில் ஞாயிற்றுக்கிழமை வான்கோழி விருந்து. அறுநூறு பேர் வருவார்கள். ஊரில் மூன்று வாரமாக வாந்திபேதி.

புதன் காலை வெர்னா தொலைபேசியில் கூப்பிட்டாள். விருந்துக் குழுவின் தலைவி.

"கிளெம், பதினாலு வான்கோழி ஃப்ரீசர்ல கிடக்கு. மத்தியானத்துக்குள்ள வெளிய எடுக்கலைன்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள உருகாது. நடத்தலாமா, கூடாதா?"

"பன்னெண்டு மணிக்குச் சொல்றேன்."

"போன வருஷமும் இப்படித்தான் யோசிச்ச. வேண்டாம்ன. நிறுத்தினோம். ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகலை."

போன வருடம் தவறியது என் கணக்கு. இன்னொரு முறை தவறினால் அந்த ஊரில் யாரும் நான் சொல்வதைக் கேட்க மாட்டார்கள். நோய் நிஜமாகவே வரும்போதும்.

மாகாணத் தலைநகர் ரெஜைனாவில், சுகாதார அலுவலகத்தில், என் வேலை ஓர் எண்ணைக் கண்டுபிடிப்பது. நோய் வந்த ஒருவர் எத்தனை பேருக்குத் தருகிறார்? ஒன்றுக்கு மேல் என்றால் பரவும். கீழே என்றால் அடங்கும்.

எண் 1.8 என்று வந்தது. திங்கட்கிழமை ஒரே நாளில் இருபத்துமூன்று பேர். அதற்கு முந்தைய பத்து நாள் யாருமே இல்லை.

வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறியது. வேண்டாம் என்று சொல்ல வெர்னாவின் தொலைபேசி எண்ணைச் சுழற்றினேன். பாதியில் வைத்துவிட்டேன். பத்து நாள் பூஜ்யம். வாந்திபேதி அப்படி ஓய்வெடுக்காது.

டன்ஸ்லி நர்ஸ் லெனோரைக் கூப்பிட்டேன்.

"திங்கக்கிழமை என்ன ஆச்சு?"

"பேப்பர் வந்துச்சு."

"என்ன பேப்பர்?"

"ஃபேக்ஸ் மெஷினுக்கு. தீர்ந்து பத்து நாளாச்சு, உங்க ஆபீஸ்தான் அனுப்பலை. போட்டதும் வயித்துல வச்சிருந்த நோயாளி ரிப்போர்ட்டையெல்லாம் துப்பிடுச்சு. உக்காந்து எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன்."

"அவங்களுக்கு எப்ப ஆரம்பிச்சுது?"

"அதுக்குத்தான் பக்கத்துலயே ஒரு கட்டம் இருக்கே, சார். நான் ஒவ்வொண்ணா நிரப்பினேன். நீங்க பாக்கிறதில்லையா?"

நான் எடுத்திருந்தது அவள் ஏற்றிய தேதி, நோய் தொடங்கிய தேதி அல்ல.

"இப்ப மெஷின்ல பாக்கி ஏதும்?"

"காலி. காலையில டாக்டரையும் கேட்டேன். புதுசா யாரும் வரலை."

பக்கத்துக் கட்டத்தை எடுத்துக் கணக்கை மறுபடி ஓட்டினேன். இருபத்துமூன்று பேரும் முந்தைய இரண்டு வாரத்துக்குள் கலைந்து போனார்கள். கோடு ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி ஆள் படுத்து ஏழு நாள். எண் 0.5.

எழுந்து ஜன்னலைத் திறந்தேன். வெளியே கடும் குளிர். மூடத் தோன்றவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். வெர்னா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"நடத்துங்க."

அவள் உடனே "எல்லாத்தையும் வெளிய எடுங்க!" என்று யாரிடமோ கத்தினாள். அங்கே கைதட்டல்.

"ஒரு நிபந்தனை" என்றேன். "வயித்துக் கோளாறு வந்தவங்க யாரும் சமையல் பக்கம் வரக்கூடாது."

"எங்க வீட்டுக்காரருக்கு வந்துச்சே."

"அப்ப அவரும்தான்."

"முப்பத்தொரு வருஷத்துல அவரு எப்பப்பா வந்தாரு?"

சிரித்தேன். சிரித்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"உனக்கும் ஒரு தட்டு வைக்கிறேன்" என்றாள். "கை கழுவிட்டு வா."