இரண்டு மஞ்சள் கோடுகள்

எங்கள் கம்பெனி ஆண்டு விழாவில் வானத்தில் வேடிக்கை காட்டியே தீர வேண்டும் என்று யாருக்கோ ஆசை வந்துவிட்டது. வல்லம் வடகாலில், ஆலைக்குப் பக்கத்துக் காலி மனையில் ரிமோட் விமானக் காட்சி. பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம். இறக்கையே ஓர் ஆள் நீளம், பெட்ரோல் எஞ்சின், மூக்கில் சுழலும் விசிறி. பார்த்ததிலிருந்தே எனக்கு அது சரியாகப் படவில்லை. போதாக்குறைக்கு, சங்கரன்கோவிலிலிருந்து அம்மா வேறு வந்திருந்தாள்.

நான் ஆலையில் அசெம்பிளி லைனில் வேலை செய்பவள். அன்று மட்டும் கழுத்தில் விசிலை மாட்டிக் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் ரகுபதி சார். அவர் சேஃப்டி ஆபீசர், பிள்ளைப்பாக்கத்துக்காரர், நல்ல மனிதர்தான். காலையிலேயே தரையில் இரண்டு மஞ்சள் கோடு போடவைத்தார். முதல் கோட்டுக்கு அப்பால்தான் விமானம் பறக்கும்; தறிகெட்டு வந்தாலும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றுவிடுமாம். அங்கே ஈ காக்கை இருக்கக் கூடாது. கூட்டம் இரண்டாவது கோட்டுக்குப் பின்னால். அருமையான கணக்கு.

ஆனால் எங்கள் ஆலைக்குள் இரண்டு மஞ்சள் கோடு என்றால் நடைபாதை. அதற்குள் நடந்தால் ஃபோர்க்லிஃப்ட் இடிக்காது. ஒரு கால் வெளியே போனால் சூப்பர்வைசர் கத்துவார். வேலைக்குச் சேர்ந்த அன்றே மண்டையில் ஏற்றிய பாடம். வந்த சனம் குடும்பத்தோடு, கோட்டைக்கூட மிதிக்காமல், இரண்டுக்கும் சரியாக நடுவில் போய் நின்றது. என்ன ஒழுங்கு என்று நானே பூரித்துப்போனேன். பிறகுதான் உறைத்தது. அந்த நடுவில் குடை பிடித்து நின்றிருந்தாள் அம்மா.

முதல் விமானம் அதற்குள் கிளம்பிவிட்டது. ஓடினேன்.

“சார், எல்லாரும் நடுவுல நிக்காங்க. நிப்பாட்டச் சொல்லுங்க.”

பார்த்தார். முகம் மாறியது. பிறகு பந்தலில் இருந்த விருந்தினர்களையும் பார்த்தார்.

“ஓட்றவன் கைதேர்ந்தவன்மா. இப்ப கூட்டத்தக் கலைச்சா ஓடி மிதிச்சிக்குவாங்க, அதுவும் ரிஸ்க்குதான். இது சின்ன ரிஸ்க்கு. தாங்கிக்கலாம்.”

“யாரு சார் தாங்கணும்?”

குரலைத் தாழ்த்தினார். “உங்கம்மா அங்க கீறாங்களா? அவங்கள மட்டும் பந்தலுக்கு இட்டுனு வந்துரு.”

நானும் போனேன். பெற்றவளாயிற்றே.

“ஏட்டி, இம்புட்டு பேரு நிக்காவ. என்னைய மட்டும் எதுக்கு இழுக்க?” என்றாள் அம்மா. பக்கத்தில் என் லைன்காரி கனகலட்சுமி, இடுப்பில் குழந்தையோடு நின்றாள். விமானம் தலைகீழாகக் கவிழ்ந்து எங்களுக்கு மேலே போனது. குழந்தை கைதட்டியது.

எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ, விசிலை எடுத்து மூன்று முறை நீளமாக ஊதினேன். ஆலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். தீ. ஓடாதே, கேட்டருகே பச்சைப் பலகைக்கு நட. மாதாமாதம் ஒத்திகையில் பழகிய கால்கள். ஒருவரும் ஓடவில்லை, யாரும் யாரையும் மிதிக்கவில்லை. அவரவர் குடும்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

விமானம் பூப்போல இறங்கியது. ஒன்றும் விழவில்லை. பந்தலில் கைதட்டினார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“இன்னா ஆச்சு இப்ப? ஒண்ணும் ஆவல. விழாவயே கெடுத்துட்டியே!” ரகுபதி சார் கொதித்தார்.

“ஒண்ணும் ஆகாதுன்னா, எங்கம்மாவ மட்டும் எதுக்கு சார் கூட்டிட்டு வரச் சொன்னீங்க?”

அவர் மனைப் பக்கம் திரும்பினார். அங்கே அடுத்த விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தீயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று கூட்டம் சிரித்தபடி மறுபடியும் கோட்டுக்குத் திரும்பியது. சட்டென்று ஓடிப்போய், இரண்டாவது கோட்டின் மேல் கையை விரித்து நின்றார் ரகுபதி சார்.

முதலில் வந்தவள் என் அம்மா.

“பின்னாடி நில்லுங்கம்மா” என்றார்.