நிர்வாகி கிளம்பும்வரை

ஒசாகாவில் மதியச் சாப்பாட்டுப் பெட்டி விற்கும் கடையொன்றில், காலையில் ஆர்டர் கொடுத்தவர்களுக்குச் சோறு மறுநாள்தான் வந்து சேர்ந்தது. முந்தின நாளே சொல்லிவைக்கும் வழக்கம் இருந்தவரை இது யாருக்கும் உறைக்கவில்லை. அந்த வாரம்தான் கடைக்காரர் அன்றன்றைக்கு ஆர்டர் எடுக்கத் தொடங்கியிருந்தார். பாதி நகரம் பட்டினி. பசி மயக்கத்தில் ஒரு வங்கி அதிகாரி தன் காலணி நாடாவை நூடுல்ஸ் என்று உறிஞ்சிவிட்டதாகக்கூடப் பேச்சு.

ஆர்டரை அடுப்படிக்கு அனுப்பும் புரோகிராம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், அதிகாரி தோமெகியின் பிரிவில் எழுதப்பட்டது. அதைச் சரிசெய்யும் வேலை அவருக்குக் கீழே வேலை பார்த்த சாயோவின் தலையில் விழுந்தது.

"சாயங்காலத்துக்குள்ள முடிக்கலேன்னா உன்னை வக்கனாய் கிளைக்கு மாத்திடுவேன்," என்றார் தோமெகி. வக்கனாய் நாட்டின் வடகோடி. அங்கே கொட்டாவி விட்டால் அது உறைந்து காலில் விழும்.

"கம்பளி வாங்கிட்டியா?" என்று கேட்டான் பக்கத்து மேசை நுகுயி.

"எதுக்கு? நீ நாள் பூரா உக்காந்து சூடேத்தி வச்சிருக்கியே, அந்த நாற்காலியத் தூக்கிட்டுப் போறேன்."

ஓடுகிற புரோகிராமை நிறுத்தக் கூடாது என்று கட்டளை. ஆகவே ஓட்டத்திலேயே அதன்மேல் ஒரு வேவுக் கருவியை ஏற்றினாள் சாயோ. புரோகிராமுக்குள் வேலை சின்னச் சின்ன மெத்தடுகளாகப் பிரிந்து கிடக்கும். ஒன்று இன்னொன்றைக் கூப்பிடும். கூப்பிடப்பட்டது முடித்துத் திரும்பினால்தான் கூப்பிட்டது நகர முடியும். எது எப்போது உள்ளே போனது, எப்போது வெளியே வந்தது என்பதைக் கருவி ஒற்றன் மாதிரி போட்டுக்கொடுத்துவிடும்.

திரையில் வரிகள் ஓடின. 'நிர்வாகி' என்ற மெத்தட் 'பிரிவுத் தலைவ'ரைக் கூப்பிட்டது. அவர் 'எழுத்த'ரைக் கூப்பிட்டார். எழுத்தர் இமைப்பதற்குள் சோற்றுக் கணக்கை முடித்தார். ஆனால் திரும்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் பதிவைப் புரட்டினால், இரவு கடைசி ரயில் நேரம் வந்த பிறகே அத்தனை பேரும் முட்டிமோதி வெளியே ஓடியிருந்தார்கள்.

எழுத்தரைத் திறந்து பார்த்தாள். கடைசி வரி: மேலே இருப்பவர் கிளம்பும்வரை காத்திரு.

"சார், இத எழுதினது யாரு?"

"நான்தான்மா. பெரியவர் இருக்கும்போது சின்னவன் எப்படி முதல்ல கிளம்புவான்?"

"பெரியவரு சின்னவன் வரணும்னு உக்காந்திருக்காரு சார். சின்னவன் பெரியவரு போகணும்னு உக்காந்திருக்கான். நடுவுல சோறு ஆறிப்போகுது."

"அந்த வரியை மட்டும் எடுத்துடாதே. என் எழுத்தர் மரியாதை தெரிஞ்சவர்."

மேலதிகாரி எழுதிய வரியை அழித்தாலும் வக்கனாய், அழிக்காவிட்டாலும் வக்கனாய். சாயோ பேனாவை மென்றாள். பாதிப் பேனா வயிற்றுக்குள் போன பிறகு யோசனை பிறந்தது.

"சார், நிர்வாகி 'நான் கிளம்புறேன்'னு மட்டும் சொல்லட்டும். சொல்லிட்டு வாசல்ல மறைஞ்சு நின்னுக்கட்டும். கீழ இருக்கிறவங்க எல்லாம் போனப்புறம் உள்ள வந்து கணக்கை எடுத்துக்கட்டும். மரியாதையும் கெடாது."

 "செய்," என்றார் தோமெகி.

புதுசாக ஒரே வரி. அடுத்த ஆர்டர் பறந்த வேகத்தில், வாடிக்கையாளர் பொத்தானிலிருந்து விரலை எடுக்குமுன் அடுப்படியில் மீன் பொரிந்தது. கடைக்காரர் போனில் அழுதே விட்டார்.

தோமெகி மட்டும் திரையை விட்டு நகரவில்லை. வேலைநேரம் முடிந்துவிட்டது. அவர் எழாததால் ஒருவரும் எழவில்லை. நுகுயி விசைப்பலகையைத் துடைத்துத் துடைத்து எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது.

"அந்த நிர்வாகி வாசல்ல நிக்கிறது யாருக்கும் தெரியாதா?" என்று சாயோவிடம் மெல்லக் கேட்டார் தோமெகி.

"தெரியாது சார்."

தோமெகி எழுந்தார். பையை எடுத்தார். "நான் கிளம்புறேன்," என்று கூரை அதிரச் சொல்லிவிட்டு நடந்தார். அவர் படியிறங்கிய மறுகணம் அலுவலகம் அணை உடைந்தாற்போல வெளியே பாய்ந்தது. நுகுயி ஒரு செருப்போடு ஓடினான்.

கடைசியாக இறங்கிய சாயோ, வாசலில் காசு போட்டால் குளிர்பானம் தரும் பெட்டிக்குப் பின்னால் ஒரு தோல் பை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பார்க்காததுபோல நடந்தாள்.

"எல்லாரும் போயாச்சா?" என்றது பெட்டியின் பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான்தான் சார் கடைசி."

"வக்கனாய் வேண்டாம். நாளைக்கும் இங்கேயே வா."

"சரி சார்."

"என்னைப் பார்க்கலையே?"

"யாரை சார்?" என்றாள் சாயோ, ரயில் நிலையத்தைப் பார்த்தபடி.