பதினாறு கறுப்புப் பைகள்

எதிலும் முதலில் என் தவறு எது என்று தேடுவேன். இதிலும் தேடினேன்.

எங்கள் ஊரில் விமானம் உறைந்த ஏரியில்தான் இறங்கும்; பாதையை அடையாளம் காட்டுவது என் வேலை. செவ்வாய்க்கிழமை காலை பதினாறு கறுப்புக் குப்பைப் பைகளில் பனியை அடைத்து, ஏரியில் இரண்டு வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் தண்ணீர் ஊற்றி உறையவிட்டேன். மேகம் மூடிய நாளில் வானமும் தரையும் ஒரே வெள்ளை; விமானிக்கு அந்தக் கறுப்புதான் தரை. பதினொன்று நாற்பதுக்கு ரேடியோவில் விமானியிடம் சொன்னேன்: "மேற்கே பனி மேடு கட்டியிருக்கு. பைகளுக்கு நடுவுல மட்டும் இறங்குங்க."

பன்னிரண்டு இருபதுக்கு விமானம் மேற்கே இறங்கி, மேட்டில் மோதிக் குப்புற விழுந்தது. விமானிக்கு விலா முறிந்தது. ஒரே பயணி என் அத்தை மாட்ரோனா, அவளுக்குக் கை.

வியாழக்கிழமை விமானக் கம்பெனி ஆள் டெனிஸ் வந்து, அத்தை வீட்டில் ஒரு தாளை நீட்டினார். பைகள் காற்றில் நகர்ந்துவிட்டன என்று அதில் இருந்தது. கீழே என் பெயர்.

"சும்மா ஒரு கையெழுத்தும்மா. யார் மேலயும் பழி இல்ல. காத்து மேலதான்."

"காத்து விசாரணைக்கு வருமாப்பா?" என்றாள் அத்தை.

எனக்கோ சந்தேகம். ஒரு பைக்குத் தண்ணீர் ஊற்ற மறந்தேனோ? டெனிஸை ஏரிக்குக் கூட்டிப்போனேன். எண்ணினேன். பதினாறும் வைத்த இடத்திலேயே இருந்தன. விமானத்தின் சறுக்குக்கட்டைத் தடம் வரிசைக்கு வெளியே முப்பது அடி தள்ளி ஓடியது.

"நகர்ந்துச்சுன்னீங்களே, இழுங்க."

இழுத்தார். கையுறைதான் கழன்று வந்தது.

"பாரும்மா," என்றார் குரலைத் தாழ்த்தி, "கையெழுத்து இல்லன்னா விசாரணை முடியிறவரைக்கும் இந்த ஊருக்கு விமானம் வராது. அத்தை நாளைக்கு ஆஸ்பத்திரி போகணும் இல்ல?"

முறிந்த கையை வைத்தே பேரம் பேசுகிறான்! தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நேரம், காற்று, நான் சொன்னது, தடத்தின் தூரம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கை நீட்டினார். கொடுக்கவில்லை.

"விமானத்த நிறுத்திக்கோங்க. இத விசாரணை ஆபீசுல நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அத்தையைக் கம்பளி சுற்றிச் சறுக்குவண்டியில் கட்டி, பனியில் ஓடும் மோட்டார் வண்டியின் பின்னால் பூட்டி, உறைந்த ஆற்றின் மேல் நகரத்தை நோக்கி ஆறு மணி நேரம் ஓட்டினேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அத்தை அலறினாள். நான் வேகத்தைக் குறைத்தேன்.

"ஏன்டீ மெதுவாப் போற? ஓட்டு! ஆபீஸ சாத்திடப் போறானுங்க. ஆஸ்பத்திரி எங்கயும் ஓடாது."