முடிவு யாருடையது

ஷஹீன் பானு கடந்துபோகும் நேரம் பார்த்துத்தான் ஜோதி அதைக் கேட்டாள். பக்கத்தில் நின்ற கௌசரிடம் கேட்பதுபோல, ஆனால் ஷஹீன் பானுவின் காதில் விழும்படி. "தையல் நேராத்தானே இருக்குது? அப்புறம் ஏன் இந்த ஷூ ஒரு பக்கமா சாயுது?"

தரம் பார்க்கும் பிரிவுக்குத் தலைவியான ஷஹீன் பானு நின்றார். ஷூவை வாங்கி மேசைமேல் வைத்துப் பார்த்தார். "நாளைக்கு சாப்பாட்டு நேரத்துல மேல வா" என்றார்.

ஆம்பூரின் அந்த ஷூ கம்பெனியில் மாடி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஒரே பெண் அவர். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, நாள் முழுக்க நின்றபடி ஷூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஜோதிக்கு அந்த மாடியில் ஒரு நாற்காலி வேண்டும் என்று வெகுநாள் ஆசை. யாராவது கைகொடுத்தால்தான் நடக்கும் என்பதும் தெரியும். அதனால்தான் அவர் வரும் வழியில் நின்றாள், அவர் பார்க்கும்போது இன்னும் கவனமாக வேலை செய்தாள். கேட்டது கிடைத்ததும் என்னவோ பயம் வந்தது.

ஷஹீன் பானு சொல்லிக்கொடுத்தார். தோலை எங்கே மடக்கிப் பார்ப்பது, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் கேட்டால் பயப்படாமல் சுருக்கமாக எப்படிப் பதில் சொல்வது. தன் டப்பாவிலிருந்து பாதி குஸ்காவை எடுத்து அவள் தட்டில் வைத்தார். எதற்காக என்று ஒருநாளும் சொல்லவில்லை. காரணம் இல்லாமல் யாரும் ஜோதிக்கு எதையும் தந்ததில்லை. இவருக்கும் ஒரு காரணம் இருக்கும், அது எப்போது வெளியே வருமோ என்று குஸ்காவை மென்றபடியே நினைத்துக்கொள்வாள்.

"உனக்கு முன்னாடி பாரதின்னு ஒருத்திய இப்டித்தான் மேல இட்டுக்கினு போனாங்க" என்றாள் கௌசர். "ஒரு லாட் ஷூ திரும்பி வந்துச்சு. பாரதி வேலைய விட்டுப் போய்ட்டா. மேடம் அங்கயேதான் இருக்காங்க."

"மேடம் மேலயா தப்பு?"

"எனக்கு இன்னா தெரியும்? போனது யாருன்னு மட்டும்தான் தெரியும்."

அதன்பிறகு ஒவ்வொரு நல்லதையும் ஜோதி புரட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். "இனிமே இந்த லைன்ல ஜோதி சொல்றதுதான்" என்று எல்லோர் முன்னாலும் அவர் சொன்னபோது லைனே கை தட்டியது. ஜோதி மட்டும் கையிலிருந்த ஷூவைத் திருப்பிப் பார்த்தாள்.

மழைக்காலத்தில் ஒரு லாட்டின் உள்தோல் ஈரம் பட்டால் சாயம் விட்டது. ஜோதி அதை வெள்ளைத் துணியில் தேய்த்து, துணியைக் கொண்டுபோய்க் காட்டினாள். ஷஹீன் பானு வெகுநேரம் துணியையே பார்த்தார். "லேசாத்தான் விடுது. கப்பலுக்கு டைம் இல்ல. அனுப்பு, நான் பாத்துக்கறேன்." அவர் அதைச் சொன்னபோது அறையில் வேறு யாரும் இல்லை. ஜோதி அதைக் கவனித்துக்கொண்டாள்.

சரக்கு போய்ச் சேர்ந்ததும் பையர் வேண்டாம் என்றுவிட்டான். மேனேஜர் ஆபித் பாஷா இருவரையும் கூப்பிட்டார். "யார் பாஸ் பண்ணது?"

ஷஹீன் பானு தொண்டையைச் செருமிக்கொண்டு ஜோதி பக்கம் திரும்பினார். இதோ, பாரதிக்கு நடந்தது தனக்கும் வந்துவிட்டது என்று ஜோதிக்குத் தோன்றியது.

"மேடம்தான் சார். சாயம் விடுதுன்னு நான் காட்டுனேன். அனுப்புன்னு சொன்னாங்க."

பயப்படாமல், சுருக்கமாக, அவர் பழக்கிவிட்டபடியே வந்தது குரல்.

"ஆமா சார், அவ காட்டுனா. முடிவு என்னோடது" என்றார் ஷஹீன் பானு. பிறகு யாரையும் பார்க்காமல், "அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார்.

இப்போது அப்படிச் சொல்லலாம். யார்தான் சொல்ல மாட்டார்கள்?

அவரை ராணிப்பேட்டை யூனிட்டுக்கு மாற்றினார்கள். அவருடைய கடைசி நாளன்று ஆபித் பாஷா ஜோதியை அழைத்தார். "நாளைலேர்ந்து மேல உக்காரும்மா. ஷஹீன் மேடம்தான் உன் பேரச் சொன்னாங்க."

"எப்ப சார் சொன்னாங்க? அந்த மீட்டிங்குக்கு முன்னாடியா, அப்புறமா?"

"எப்ப சொன்னா இன்னாம்மா? போய் வேலயப் பாரு" என்று அவர் சிரித்தார்.

சாயங்காலம் ஜோதி கேட்டுக்கு வெளியே வந்தபோது ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பையோடு நின்றிருந்தார் ஷஹீன் பானு. இவள் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினார். ஜோதியின் கையும் பாதி எழுந்தது. அதற்குள் இவளுக்குப் பின்னாலிருந்து வந்த ஒரு ஆட்டோ ரோட்டைக் கடந்து வளைந்து, அவர் முன்னால் போய் நின்று, அவரை மறைத்தது. உயர்ந்த அந்தக் கை தனக்கா, ஆட்டோவுக்கா?