நிலவின் வெளிச்சத்தில் அடையாளம் கண்டேன்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை, திருடினேன். கம்பைநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில், பிற்பகல் மூன்று மணிக்கு. ஒரு பெண் டிவிஎஸ் வண்டியை நிறுத்திவிட்டு வந்து இரண்டு டீ சொன்னாள். பின் சீட்டில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள், மடியில் டிபன் கேரியரோடு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி அசையாமல் இருந்தார். அவர் தலைக்கு மேலே, புளியமரத்துக்கு இந்தப் பக்கம், வெளிறிப்போன முழு நிலா.

"என்னக்கா, இந்நேரத்துல?" என்றார் கடைக்காரர்.

"பௌர்ணமிங்கல்ல. இவர போலீஸ் ஸ்டேசன்ல வுட்டுட்டு வரணும். காத்தால போயி கூட்டியாரணும்."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. கேட்டிருக்கலாம். கேட்டால் உண்மை தெரிந்துபோகும், கதை கெட்டுப்போகும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆக, இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. அந்தக் காவல் நிலையமும் நான் கட்டியதுதான், போய்த் தேடாதீர்கள்.

2

முதல் வரிக்குப் பட்ட பாடு:

பௌர்ணமி வந்தாலே லியோனுக்குள் ஒரு மிருகம் —

[வேண்டாம். ஆயிரம் பேர் எழுதித் தேய்த்த மிருகம். லியோன் என்பது பின் சீட்டு ஆளுக்கு நான் வைத்த பெயர்.]

கடல் பொங்குகிறதென்றால், மனித உடம்பிலும் தண்ணீர்தானே, ஆகவே —

[தர்மபுரியில் கடலுக்கு எங்கே போவது? குடிநீருக்கே குடத்தோடு நிற்கிறோம்.]

முழு நிலவுக்கும் குற்றத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று நானும் மாய்ந்து மாய்ந்து படித்தேன். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒன்றும் இல்லை என்கிறார்கள். எண்ணாதவர்கள் எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ், ஆம்புலன்ஸ் டிரைவர், போலீஸ், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். என் கதையில் வரும் மணிமேகலையும் சத்தியம் செய்கிற கட்சிதான், போன மாதம் வரைக்கும்.

3

மணிமேகலை தலைமைக் காவலர், ஸ்டேசன் ரைட்டர். புகார் கொடுக்க வருகிறவர்கள் அழுதுகொண்டு சொல்வதை, கோர்ட்டில் நிற்கிற வாக்கியங்களாக எழுதுவது அவள் வேலை. பதினெட்டு வருடமாக எழுதுகிறாள்.

ஏழு வருடத்துக்கு முன், ஐப்பசி மாதம், மழை மூட்டமான வாரம். மோட்டார் நிறுத்தத் தன் விவசாயக் காட்டுக்குப் போன ராஜா என்பவரை யாரோ பின்னாலிருந்து மண்வெட்டியால் அடித்துவிட்டார்கள். பாவம், வலது கண் போயிற்று. அன்று சாயங்காலம்தான் ஒயின் ஷாப் வாசலில் ராஜாவுக்கும் லியோனுக்கும் கைகலப்பு நடந்திருந்தது. லியோனுக்குத் தன் பெயரே நினைவில்லாத போதை. பக்கத்துக் காட்டுக்காரர் முனியப்பன், "ஓடுன ஆளு லியோன் மாதிரி இருந்துச்சுங்க" என்றார்.

அவள் எழுதியதைப் படித்த இன்ஸ்பெக்டர் பேனாவால் தட்டினார். "ராத்திரி பதினோரு மணி. கரண்ட்டு கம்பம் கெடையாது. சாட்சி எதுலம்மா பார்த்தான்? வெளிச்சத்தப் போடு."

போட்டாள்.* 'பௌர்ணமி நிலவின் வெளிச்சத்தில் லியோனை நன்கு அடையாளம் கண்டேன்.' முனியப்பன் சொன்ன 'மாதிரி' அப்போதே காணாமற்போயிற்று. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

(* இரவுச் சம்பவம் என்றால் வெளிச்சம் எழுதியாக வேண்டும். தெருவிளக்கு இருந்தால் தெருவிளக்கு, டார்ச் இருந்தால் டார்ச், ஒன்றும் இல்லாவிட்டால் நிலா. கை பழகிப்போன வரி. அவளைத் திட்டுவதற்கு முன் ஆறாவது பகுதிவரை பொறுங்கள்.)

எழுதியதைப் படித்துக் காட்டியபோது லியோன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அன்னிக்குப் பௌர்ணமிங்களா?"

"ஆமா."

அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை மணிமேகலை பார்த்தாள். "எங்க பெரியப்பா மதலைமுத்துவுக்கும் இப்டித்தானுங்க மேடம். நெலா வந்தா அவரு அவரா இருக்க மாட்டாரு. எனக்கும் வந்துருச்சாட்டம் இருக்குது." கோர்ட்டில் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டான். யாரும் முனியப்பனைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை, நிலாவையும் செய்யவில்லை. மூன்று வருடம் உள்ளே இருந்தான்.

வெளியே வந்த முதல் பௌர்ணமியன்று, மனைவி ஏஞ்சலினை வண்டி ஓட்டச் சொல்லி, அவனே ஸ்டேசனுக்கு வந்தான். "ராத்திரிக்கு மட்டும் இங்க வெச்சுக்கோங்க மேடம். வூட்ல புள்ள இருக்குது." அன்றிலிருந்து நான்கு வருடம். எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி பெஞ்சில் உட்காருவான். பார்க்காமலேயே, நிலா ஏறும் நேரத்துக்கு அவன் விரல்கள் தொடையில் தட்ட ஆரம்பிக்கும், பல் கிட்டும், கண் ஒரே இடத்தில் நிற்கும். துணிச்சல்காரக் கான்ஸ்டபிள்கள்கூட அந்தப் பக்கம் போகமாட்டார்கள். மணிமேகலையும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வாள்.

4

போன மாதம் லியோனின் மகள் படம் வரைய தினசரி காலண்டரில் நான்கு தாளைச் சேர்த்துக் கிழித்துவிட்டாள். ஏஞ்சலின் காலண்டரைப் பார்த்தாள், புருஷனைக் கூட்டிவந்தாள். ஸ்டேசனில் யார் காலண்டர் பார்க்கிறார்கள்? லியோன் வந்தால் பௌர்ணமி. அன்று இரண்டு பங்காளிகள் மண்டையை உடைத்துக்கொண்டு வந்தபோது, "பௌர்ணமியில்ல, அப்டித்தான்" என்று மணிமேகலையே சொன்னாள். லியோனின் விரல்கள் சொன்ன நேரத்துக்குத் தட்டின. பல் கிட்டியது.

ஒரு வாரம் கழித்துச் சந்தையில் பார்த்தபோது ஏஞ்சலின் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். "தாளு கிழிஞ்சதுல நாலு நாளு முன்னாடியே கூட்டியாந்துட்டேனுங்க. நெச பௌர்ணமி அன்னிக்கு மனுசன் வூட்ல மோட்டார் ரிப்பேர் பண்ணிட்டு, புள்ளைய தோள்ல போட்டுட்டுத் தூங்குனாருங்க. எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது."

மணிமேகலைக்குச் சிரிப்பு வரவில்லை.

5

பழைய கேஸ் கட்டை அவிழ்த்தாள். சம்பவத் தேதியைப் பார்த்தாள். பஞ்சாங்கத்தைப் பார்த்தாள். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். மேகமே இல்லாவிட்டாலும் அந்தக் கீற்று எட்டு மணி சுமாருக்கு இறங்கியிருக்கும். பதினோரு மணிக்கு அந்தக் காட்டில் தன் கையே தனக்குத் தெரிந்திருக்காது.

முனியப்பனைத் தேடிப் போனாள். அவர் மஞ்சள் காட்டில் நின்றார்.

"அன்னிக்கு நெலா இருந்துச்சாங்க?"

"என்ன மேடம் இப்டிக் கேட்டுப்புட்டீங்க? தட்டாட்டம் இருந்துச்சு. மண்வெட்டியில பட்டு மின்னுச்சே, இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது."

மனிதர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளை நடுங்கவைத்தது. இன்னொன்றும் இருந்தது. அந்த வரியை எழுதிய இரவில், ஸ்டேசன் ஜன்னலில், வேப்பமரத்துக்கு மேலே, முழு நிலா நின்றது அவளுக்கும் நினைவிருந்தது.

6

இப்போது என் முறை.

முதல் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். பிற்பகல் மூன்று மணி, புளியமரம், முழு நிலா. முழு நிலா மூன்று மணிக்கு வானத்தில் இருக்காது. சூரியன் இறங்குகிற நேரத்துக்குத்தான் அது ஏறும். இதை நான் நேற்றுத்தான் உணர்ந்தேன். அடித்துவிடப் பேனாவை எடுத்தேன்,

ஆனால் அந்த நிலாவை நான் பார்த்தேனே —

[அடிக்க முடியவில்லை. அடிக்கும்போதும் கண்ணில் தெரிகிறது.]

எனக்கு வெளிச்சம் தேவைப்பட்டது, போட்டேன். நீங்களும் ஒரு சந்தேகமும் இல்லாமல் பார்த்தீர்கள்தானே? எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

7

இன்று பௌர்ணமி. மணிமேகலை மூன்று காலண்டரில் பார்த்து உறுதி செய்துகொண்டாள். ஐந்தரை மணிக்கு டிவிஎஸ் வந்தது. லியோன் இறங்கி, டிபன் கேரியரோடு தன் பெஞ்சில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"போயிறாத ஏஞ்சலின். ரெண்டு பேருகிட்டயும் பேசணும்."

சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல், தான் போட்ட வரியை, தேதியை, மேகத்தை, போன மாதத்து நான்கு தாளை. சொல்லி முடித்ததும், "இத மேலதிகாரிக்கு எழுதித் தரப்போறேன். என் வேலை போனாலும் போகட்டும்" என்றாள்.

ஏஞ்சலின் வெடித்தாள். "நாலு வருசமா புள்ளகிட்ட அப்பாவுக்கு நைட் ஷிப்ட்டுன்னு சொல்லிட்டிருக்கேன் மேடம். ஜெயிலுக்குப் போனப்ப வெளியூர் வேலைன்னேன். நீங்க ஒரு வரி எழுதுனதுக்கா?" அழுதாள், முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், புருஷன் கையைப் பிடித்தாள். "எந்திரிங்க. வூட்டுக்குப் போலாம். நெலாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

லியோன் எழவில்லை.

"மேடம்," என்றான். "அன்னிக்கு நெலா இல்லீங்களா?"

"இல்லப்பா."

"அப்ப நெலா இல்லாமயே செஞ்சனா?"

"நீ செஞ்சேங்கறதுக்கே சாட்சி இல்லங்கறேன். அந்த இருட்டுல யாரும் யாரையும் பார்த்திருக்க முடியாது."

"நான் செய்யலன்னும் யாரும் பாக்கலீங்களே. எனக்கே தெரியாதே." அவன் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "இத்தினி நாளு ஒரு நாள் மட்டும் பயந்தாப் போதும்னு இருந்தேன். மத்த நாளெல்லாம் புள்ளையத் தூக்குனேன். இப்ப எந்த நாளுன்னு பயப்படறது? அப்ப முப்பது நாளும் உள்ள வெச்சுக்கோங்க."

மணி ஆறேகால். அவன் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது.

8

முடிவுகள்:

அ) முனியப்பன் ஓடிவந்து, அடித்தது நான்தான் என்கிறார். [நமக்கெல்லாம் வசதியான முடிவு. யார் அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் சொல்லமாட்டேனா?]

ஆ) லியோன் எழுந்து வீட்டுக்குப் போகிறான். மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். வாசலில் சுவரோரம் சாத்திவைத்த மண்வெட்டி மேல் வெளிச்சம் —

[பார்த்தீர்களா? மண்வெட்டியை நான் வைக்கவில்லை. இந்தப் பத்தியை மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அது அங்கே இருந்தது.]

இ) அவன் பெஞ்சிலேயே இருக்கிறான். நாளையும், நாளை மறுநாளும்.

இவற்றில் எதையும் நான் எழுதி முடிக்கப்போவதில்லை. யாரோ எழுதிய ஒரு வரியை அந்த மனுஷன் ஏழு வருடம் வாழ்ந்து காட்டிவிட்டான். நான் எழுதினால் அதையும் செய்துவிடுவான். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏஞ்சலின் வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து நிற்கிறாள். மணிமேகலை ஜன்னல் கதவைச் சாத்திவிட்டாள். லியோனின் விரல்கள் தொடையில் இருக்கின்றன. தட்டுகின்றனவா என்று நான் பார்க்கவில்லை. வீட்டில் ஒரு பெண் குழந்தை, அப்பாவுக்கு இன்றும் நைட் ஷிப்ட் என்று நினைத்துப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள்.

அவனை எழுப்பி அனுப்புவதென்றால் நீங்கள்தான் அனுப்ப வேண்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவன் வீடு போய்ச் சேருகிற வழியை மனதில் காணும்போது, வானத்தில் எதையும் போடாதீர்கள்.