மூன்றாம் மட்டத்துத் தண்ணீர்

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் மின்சாரம் போய் வந்ததில் பம்பு நின்றுவிட்டது. பம்புக்காரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செம்புச் சுரங்கத்தின் ஈரப்படிகளில் வாளியோடு இறங்கினாள்.

பம்பு தானாகத் தண்ணீரை இழுத்துவிடாது. அதன் வயிறும் உறிஞ்சுகுழாயும் முதலில் நிறைய வேண்டும். கொஞ்சம் காற்று தங்கினாலும் வெறுமனே சுற்றும். குழாயின் அடியில் ஃபுட்வால்வு சரியாக இருந்தால் ஊற்றிய தண்ணீர் நிற்கும். சர்க்கார் நடத்திய காலத்தில் அதை வருஷம் தவறாமல் மாற்றினார்கள். குத்தகைக்கு எடுத்த கம்பெனி ஒருமுறைகூட மாற்றவில்லை. ஒழுகுவதைவிட வேகமாக ஊற்றினால்தான் உண்டு. பக்கத்துத் தொட்டி காலியாகும்வரை, தோள் கழன்றுவிடும்போல அவள் மொண்டு ஊற்றினாள். பம்பு இருமி, கனைத்து, பிடித்துக்கொண்டது.

நாற்பது நாளைக்கு முன் மூன்றாம் மட்டத்தில் கூரை இறங்கியபோது உள்ளே அகப்பட்டவர்களில் அவள் புருஷனும் ஒருவன். நான்கு நாள் தோண்டிவிட்டுக் கம்பெனி கையை உதறிவிட்டது. பம்பு இரண்டு நாள் நின்றால் அந்த மட்டம் மூழ்கிவிடும். பிறகு எலும்பைக்கூட எடுக்க முடியாது.

விடிந்ததும் மேனேஜர் பம்படிக்கு இறங்கி வந்தார். செம்பு விலை விழுந்துவிட்டதாம், சுரங்கத்தை மூடுகிறார்களாம், பம்பை நிறுத்தச் சொன்னார்.

"உள்ள ஆளுங்க இருக்காங்க சார்."

"அதுக்கு நான் என்னம்மா செய்ய? பூமி சர்க்காரோடது. நாங்க குத்தகைக்காரங்க. அங்க போய்க் கேளு."

போய்க் கேட்டாயிற்று. குத்தகைக்கு விட்டபின் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று அங்கே கம்பெனியைக் கைகாட்டினார்கள்.

"செம்பு எடுக்கறப்ப ரெண்டு பேரும் பங்காளி. பொணம் எடுக்கறப்ப ரெண்டு பேரும் விருந்தாளியா?"

மேனேஜர் சுவிட்சை இறக்கினார்.

மேலே வாசலில் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் அறுந்தது. வேலைக்காகக் காத்திருந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். டிரில்லுக்காரன் முதலில் இறங்கினான். அவள் புருஷனோடு ஜோடியாக வேலை செய்தவன்; அன்று காய்ச்சலில் படுத்ததால் தப்பியவன்; அந்த வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்காமலே திரிந்தவன். அவன் பின்னால் படிக்கு ஒருவராக ஆட்கள் நின்றார்கள். மேல்தொட்டியிலிருந்து வாளிகள் கைமாறி இறங்கின; அவள் வாங்கி வாங்கிப் பம்பில் ஊற்றினாள்.

"போலீஸ் வரும்," என்றார் மேனேஜர்.

"வரட்டும் சார். அவங்க கையிலயும் ஒரு வாளி குடுப்போம்," என்று டிரில்லுக்காரன் சுவிட்சை ஏற்றினான். பம்பு கனைத்துப் பிடித்துக்கொண்டது.

சாயங்காலத்துக்குள் கரண்டையே நிறுத்திவிடுவதாகச் சொல்லிவிட்டு மேனேஜர் படியேறினார். செய்யக்கூடியவர்தான். அதனால் அங்கேயே பேசி முடித்தார்கள்: பாதிப்பேர் பம்பைச் சுற்றி உட்காருவது, மீதிப்பேர் சர்க்கார் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்து, கரண்டை நிறுத்த விடமாட்டோம், உள்ளே இருப்பவர்களை எடுத்துத் தருவோம் என்று எழுதி வாங்கும்வரை எழுந்திருப்பதில்லை. அவள்தான் முன்னால் நின்று பேச வேண்டும் என்றார்கள்.

அவள் நகரவில்லை. பம்பின் மேல் கைவைத்தபடி நின்றாள்.

டிரில்லுக்காரன் நாற்பது நாளில் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"போய்ட்டு வாங்க அண்ணி. அண்ணனை நான் பாத்துக்கறேன்."

கையிலிருந்த எண்ணெய்த் துணியை அவனிடம் கொடுத்தாள். படியேறத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள்.